மேலே போனவரா, கீழே போனவரா?

*(ராபர்ட்சன்பேட்டை வாசகர்களின் கேள்விகள்)*

இந்தியாவில் ராணுவம் விமானத்தில் ஏறி வேவு பார்த்தது எப்போது?

1911 தொடக்கத்திலேயே, தக்காணத்தில் நடந்த குதிரைப்படைப் பயிற்சியில். விமானம் பிரிஸ்டல் பாக்ஸ்கைட். ஓட்டியவர் பிரெஞ்சுக்காரர் ஜூலெரோ. எட்டிப் பார்த்தவர் பீரங்கிப்படை கேப்டன் செஃப்டன் பிராங்கர். வேவுக்குப் போய்க்கொண்டிருந்த குதிரைகளுக்கு அன்றே வேலை போகும் அறிகுறி தெரிந்திருக்கும்.

எங்கள் தாத்தா சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் பத்தாயிரம் அடி ஆழத்துக்கு இறங்கியவர். அந்த விமானம் அவ்வளவு உயரம் ஏறுமா?

தாத்தாதான் ஜெயித்தார்! 50 குதிரைத்திறன் எஞ்சின், இரண்டு ஆள் பாரம். அதற்குத் தரையை விட்டுக் கிளம்புவதே சாதனை.

ஒரு இறக்கை போதாதென்றா மேலே இன்னொன்று?

எஞ்சினுக்கு வலு இல்லை, மணிக்கு அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் வேகம். தூக்கிப் பிடிக்க இறக்கைப் பரப்பு நிறைய வேண்டும். மரச்சட்டம், துணி, இழுத்துக் கட்டிய கம்பி: நம் ஊர்க் கல்யாணப் பந்தல்தான், பறந்தது!

துப்பாக்கி இருந்ததா?

எதற்கு? பார்க்கக் கண்ணும் எழுதப் பென்சிலும் போதாதா? எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் முன்னால் மறைப்பே இல்லை. 1914இல், முதல் உலகப் போரில், ஜெர்மன் படை பாரிஸுக்குக் கிழக்கே திரும்பியதைக் கண்டுசொன்னவர்களில் விமானிகளும் உண்டு. மார்ன் போரின் போக்கை மாற்றிய தகவல் அது.

பிராங்கர் அப்புறம் இந்தியா பக்கம் வரவே இல்லையா?

வந்தார். கடைசியாகக் கிளம்பியது 1930 அக்டோபரில், அன்று இந்தியாவில் இருந்த கராச்சிக்குப் புறப்பட்ட ஆர்101 ஆகாயக் கப்பலில். அது பிரான்சிலேயே விழுந்து எரிந்தது. இறந்த 48 பேரில் அவரும் ஒருவர்.