எட்டாம் இடத்தியல்: மட்டை வரிசை குறித்து ஓர் உரை

பேஸ்பாலில் மட்டை வரிசை எனப்படுவது யாது? ஒன்பது பேர் ஒருவர்பின் ஒருவராக மட்டை பிடிக்கும் முறைமை. ஒன்பதாமவர் முடித்ததும் மறுபடி முதலாமவர் வருவார். கிரிக்கெட்டைப் போல அவுட்டாகி வந்து, இன்றைக்கு வேலை முடிந்தது என்று காலை நீட்ட முடியாது. ஒன்பது பேரை 3,62,880 விதமாக அடுக்கலாம். அதில் ஒன்றை மேனேஜர் எழுதிக் கொடுக்கிறார். மீதி 3,62,879-ம் ரசிகருக்கு உரியவை. மேனேஜரின் வரிசை எப்போதும் பிழை, ரசிகரின் வரிசை எப்போதும் சரி என்பதில் ஐயமில்லை. அதற்குக் காரணம் காண்பதே இவ்வுரையின் நோக்கம். வரிசை ஆட்டத்தை ஜெயிப்பதற்காக ஏற்பட்டதே அன்று. மேனேஜரைத் திட்டுவதற்காக ஏற்பட்டது என்க.

முதற்சான்று நியூயார்க் யாங்கீஸ். 1929-இல் அந்த அணி சட்டைகளின் முதுகில் எண் தைத்தபோது, மட்டை வரிசையையே எண்ணாகக் கொண்டது. மூன்றாவதாக ஆடிய பேப் ரூத்துக்கு 3, நான்காவதாக ஆடிய லூ கெரிக்குக்கு 4. வலுவான அடிகாரர் நான்காமிடத்துக்கு உரியவர் என்ற கொள்கையைத் துணியிலேயே தைத்துவிட்டார்கள். இந்த மரபில் வந்த ரசிகரிடம்தான் 2006 அக்டோபர் 7 அன்று யாங்கீஸ் மேனேஜர் ஜோ டோரி ஒரு தாளை நீட்டினார். டெட்ராய்ட்டில் தோற்றால் மூட்டை கட்ட வேண்டிய ஆட்டம். 10 ஆண்டுக்கு 25.2 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றவர், முந்தைய ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், அந்த ஆண்டு 35 ஹோம் ரன் அடித்தவர் அலெக்ஸ் ரோட்ரிகஸ். அவர் பெயர் அந்தத் தாளில் எட்டாவது வரியில் இருந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமனைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது.

இனி இதனால் விளைந்த இழப்பைக் கணக்கிடுவோம். ஓர் ஆட்டம் வரிசையில் யாரோடு வேண்டுமானாலும் முடியலாம். ஆகவே ஓரிடம் கீழிறங்கினால் ஒன்பது ஆட்டத்துக்கு ஒரு வாய்ப்பு போகும்; 162 ஆட்டம் கொண்ட பருவத்தில் 18. நான்கிலிருந்து எட்டுக்கு இறங்கியவர் ஓர் ஆட்டத்தில் இழப்பது ஒரு வாய்ப்பில் ஒன்பதில் நான்கு பங்கு. அதாவது, மட்டையைத் தூக்கி, காலை ஊன்றி, ஏறக்குறைய பந்து வரும் நேரத்தில் திரும்பிப் போவது. ஒரு நகரமே கொதித்தது இந்த அரைகுறை வாய்ப்புக்காக.

அஃதேல், அன்று யாங்கீஸ் 8-3 எனத் தோற்றது இதனால் அன்றோ எனின், அற்றன்று. எதிரணி பிட்சர் ஜெரமி பாண்டர்மன் முதல் ஐந்து இன்னிங்ஸில் ஒருவரையும் முதல் பேஸைத் தொட விடவில்லை. வந்த பதினைந்து பேரும் வந்த வழியே திரும்பியபின், யார் முன்னே போனார், யார் பின்னே போனார் என்பதால் ஆவது என்ன? ரோட்ரிகஸும் அன்று ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை.

வரிசையை மாற்றிப் பயன் கண்டாரும் உளரே எனின், கேட்க வேண்டிய கேள்விதான். 1998-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் மேனேஜர் டோனி லா ரூஸா, அடிக்கவே தெரியாத பிட்சரை ஒன்பதாமிடத்திலிருந்து எட்டுக்கு ஏற்றினார். மூன்றாவதாக வரும் மார்க் மக்வயருக்கு முன் பேஸில் ஆள் நிற்கட்டும் என்று. நுட்பமான யோசனை. மக்வயர் அந்தப் பருவத்தில் 70 ஹோம் ரன் அடித்தார். அணி தன் பிரிவில் மூன்றாமிடம்.

மேனேஜர் பில்லி மார்ட்டினின் தொப்பி இன்னும் வலிய தடை. 1972-இல் அவருடைய டெட்ராய்ட் அணி தொடர்ந்து தோற்றபோது, பெயர்களைத் தொப்பியில் போட்டுக் குலுக்கி எடுத்தார். பெருந்தடி வீரர் நார்ம் கேஷ் முதலிடத்துக்கு வந்தார், அந்தப் பருவத்தில் .203 சராசரி மட்டுமே எடுத்த எட் பிரிங்க்மன் நான்காமிடத்தில், கெரிக்கின் ஆசனத்தில் உட்கார்ந்தார். அணி ஜெயித்தது. 1977 ஏப்ரலில் யாங்கீஸிலும் அதையே செய்தார், ரெஜி ஜாக்சன் சீட்டு எடுத்தார், அன்றும் வெற்றி. தொப்பியே போதுமென்றால் ரசிகரின் ஆராய்ச்சி வீண்தானே எனின், மாறாக, நம் கருதுகோளுக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. வரிசையால் ஆட்டம் பெரிதாக மாறாது என்பதனால்தான் ரசிகரின் வரிசையைப் பொய்ப்பிக்க எவராலும் இயலவில்லை. மேலும், களமிறங்காத வரிசைக்குத் தோல்வி ஏது? மார்ட்டின் செய்த ஒரே குற்றம், திட்டு வாங்கவேண்டிய இடத்தில் ஒரு தொப்பியை வைத்ததுதான்.

2009-இல் அதே ரோட்ரிகஸ் பிளேஆஃபில் நான்காவதாக ஆடி 6 ஹோம் ரன் அடித்தார். யாங்கீஸ் உலகத் தொடரை வென்றது. மேனேஜர் அப்போது ஜோ ஜிரார்டி. 2006 கோடை முழுக்க ரோட்ரிகஸ் மட்டை பிடிக்க வரும்போதெல்லாம் கூக்குரலிட்டு விரட்டிய அதே ரசிகர், 2009 நவம்பரில் காப்பியை வைத்துவிட்டுச் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம் ஒன்றே: “நாலாவதாகப் போடு என்று நான் அப்போதே சொன்னேனே.”