கவிழ்த்துப் பார்க்கிற மாமா

பொருள் எதுவானாலும் கைக்கு வந்ததும் முதலில் கவிழ்ப்பார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடி வரும். அது போதாமல் செல்போன் டார்ச். அடிப்பாகத்து அழுக்கைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி, எழுத்துக்கூட்டிப் படித்து, "தைவான்" என்பார், பால் திரிந்துவிட்டது என்று சொல்கிற குரலில். சகலை துபாயிலிருந்து வாங்கிவந்த பிளாஸ்க்கைக் கவிழ்த்தபோது உள்ளே சுடச்சுடக் காபி இருந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்த மூடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் "சைனா" என்று மேஜைமேல் வைத்துவிட்டார்.

பெயர் வேண்டாம்; மாமா என்று வைத்துக்கொள்வோம். (என் மாமனார் அல்ல. இந்தப் பத்திரிகை வீட்டுக்கும் வருகிறது.)

குடை, நகவெட்டியெல்லாம் சும்மா. கார் பார்ட்ஸ் என்று வந்தால்தான் மாமாவுக்குச் சாமி வரும். ஜப்பான் மூலவர், ஜெர்மனி உற்சவர், கொரியாவுக்குப் பிரகாரத்தில் ஒரு சின்னச் சந்நிதி. இந்தியா, வெளியே செருப்பு விடுகிற இடம். 'மேட் இன் ஜெர்மனி' என்று குத்துகிற வழக்கமே, மட்டமான ஜெர்மன் சரக்கைப் பார்த்து ஏமாறாதே என்று பிரிட்டன் 1887-ல் போட்ட சட்டத்தால் வந்தது என்று சொல்லிப் பார்த்தேன். "வெள்ளைக்காரனுக்கு வயித்தெரிச்சல், மாப்ளே" என்று முடித்துவிட்டார்.

பாடியில் அப்போது பிரேக் செய்துகொண்டிருந்த சுந்தரம் கிளேட்டனுக்கு 1998-ல் ஜப்பானே தரத்துக்கான டெமிங் பரிசு கொடுத்ததே என்றால், "ஜப்பான்காரனுக்குப் பெரிய மனசு." சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் செய்த ரேடியேட்டர் மூடி ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போகிறதே என்றால், "அது எக்ஸ்போர்ட் குவாலிட்டி." சரி, டகாட்டா ஜப்பான் கம்பெனிதானே, ஏர்பேக் கோளாறால் கோடிக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டு 2017-ல் திவாலானதே என்றேன். "அதையெல்லாம் அமெரிக்காவுல செஞ்சிருப்பான்." இதில் பாதி உண்மை இருந்து தொலைக்கிறது, அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் செய்தவை அதில் நிறைய. ஆனால் உள்ளே அடைத்த அம்மோனியம் நைட்ரேட் வெக்கையிலும் ஈரத்திலும் கெட்டு, பையை ஊத வேண்டியது வெடித்துச் சிதறியது. அதை எந்த ஊரில் வைத்து அடைத்தால் என்ன?

இத்தனைக்கும் மாமா வெளியாள் இல்லை. அம்பத்தூர்ப் பக்கம் பிரேக் சாமான் செய்கிற பாக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனில் 31 வருஷம் இருந்தவர். ஒரு முடி கனம் கூடினாலும் சிவப்பு பெயிண்ட் அடித்து ஓரமாக எறிந்துவிடுவாராம். அதைச் சொல்லும்போது வலது கை தானாகவே பெயிண்ட் பிரஷ்ஷைப் பிடித்துக்கொள்ளும். அப்போது மட்டும் அவரை எனக்குப் பிடிக்கும்.

"அப்படிப் பார்த்துப் பார்த்து அனுப்பினதை நீங்களே வாங்க மாட்டேங்கறீங்களே?"

"நல்லதெல்லாம் எக்ஸ்போர்ட்டுக்குப் போயிடும், மாப்ளே."

"சிவப்பு பெயிண்ட் அடிச்சது?"

"உருக்கிடுவோம்."

"அப்ப இங்க கடைக்கு வர்றது எது?"

டார்ச்சை அணைத்துவிட்டு, காபி கேட்டார்.

போன ஆடியில் என் வண்டிக்கு முன்பக்க பிரேக் பேட் தேய்ந்துபோனது. "உங்களை ஏமாத்திடுவான், நானும் வர்றேன்" என்று ஜி.பி. ரோட்டுக்குக் கூடவே வந்தார். வண்டி பிறந்தது இருங்காட்டுக்கோட்டையில். கேட்பது ஜப்பான் பேட். கடைப் பையன் மூன்று டப்பாவை எடுத்து வைத்தான். ஒன்று கார் கம்பெனி டப்பா. அடுத்தது பேட் செய்கிறவர்களின் சொந்த டப்பா, விலை குறைவு. "ரெண்டும் ஒரே பாக்டரி சார், டப்பாதான் வேற" என்றான். மூன்றாவதில் விரல் நீளத்துக்கு 'ஜப்பான்'. அதன் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி, 'டெக்னாலஜி'. செய்தவன் பெயரோ ஊரோ டப்பாவில் எங்கேயும் இல்லை. மாமா அதையும் டார்ச் அடித்துப் பார்த்தார், பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். "டெக்னாலஜி அவனோடதுதானே, அது போதும்." மற்றதைவிட 300 ரூபாய் கூட.

மூன்றாம் மாதம் பிரேக்கை மிதித்தால் சிலேட்டில் ஆணி கிழிக்கிற சத்தம். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி என் விரலைப் பிடித்து டிஸ்க்கில் வைத்துக் காட்டினார். நகம் இறங்குகிற அளவுக்கு வரிவரியாகப் பள்ளம். பேட்டின் லைனிங் ஒரு மூலையில் தகட்டைவிட்டு எழும்பி நின்றது. டிஸ்க் இரண்டையும் மாற்றக் கூலியோடு 4,200 ரூபாய். கொடுத்தது நான். இதில் சிரிக்க எனக்கு ஒன்றும் இல்லை. வண்டியில் பின்சீட்டில் குழந்தை உட்கார்ந்து வருகிறாள். டப்பாவில் அச்சடிக்க சிவகாசி போதும். பேட்களை அளந்து பார்த்து வெளியே அனுப்ப ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக 31 வருஷம் இருந்தவருக்கே இது தெரியவில்லை என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

மாமா அன்றைக்கும் கூட வந்திருந்தார். டிக்கியில் ஒரு பழந்துணியில் சுற்றி, வண்டியோடு வந்த முதல் செட் பேட் கிடந்தது. கழற்றியதைக் கையில் கொடுத்தால்தான் மெக்கானிக்குக்குத் திருப்தி. மாமா அதை எடுத்தார். கவிழ்த்தார். நகத்தால் துருவைச் சுரண்டினார். சுரண்டிக்கொண்டே இருந்தார். தகட்டில் குத்தியிருந்த முத்திரையைப் படிக்க அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

"இது எத்தனை ஓடிச்சு, மாப்ளே?"

"55,000 கிலோமீட்டர்."

துணியால் துடைத்து, வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார்.

"எக்ஸ்போர்ட் பீஸ். எப்படியோ தப்பி உள்ள வந்திருக்கு."