மல்லி ஆறு முழம், கோல்கீப்பர் ஒண்ணு

(இடம்: சிங்கப்பூர் தேக்கா, பஃப்ளோ ரோட்டில் ஒரு பூக்கடை. நேரம்: மே மாதத்து வெள்ளிக்கிழமை மாலை, உயர்நிலைப் பள்ளிகளுக்கான நேரடிச் சேர்க்கை விண்ணப்பம் திறந்திருக்கும் பருவம். பேசுபவர்கள்: பூக்காரர், எழுபதைத் தொடும் வயது, தொடக்கநிலை 6 படிக்கும் பேரன் ஒருவனுக்குத் தாத்தா. கோச், முப்பத்தைந்து வயது, ஓர் உயர்நிலைப் பள்ளியில் காற்பந்து சொல்லித்தருபவர். கல்யாணம் ஆகவில்லை. பூ வாங்கிப் பழக்கமும் இல்லை.)

கோச்: வணக்கம் அங்கிள். மல்லி ஆறு முழம் குடுங்க.

பூக்காரர்: ஆறு முழமா? வீட்டுல விசேஷமா தம்பி?

கோச்: இல்ல, சும்மா. வாசனைக்கு.

பூக்காரர்: போன வெள்ளிக்கிழமை ஒரு சார் வந்தாரு. அவரும் வாசனைக்குத்தான் ரெண்டு ரோஜா மாலை வாங்குனாரு. சட்டையில ஒரு பள்ளிக்கூடத்து முத்திரை இருந்துச்சு. நீங்க பரவால்ல, சட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க.

(கோச் குனிந்து பார்த்துக்கொள்கிறார். தையல் வெளியேதான் இருக்கிறது.)

கோச்: சரி அங்கிள், ஒளிச்சு என்ன ஆகப்போகுது. உங்க பேரனைப் பத்தித்தான். போன வாரம் ஆட்டத்தப் பாத்தேன். பெனல்டியில நாலு பந்து வந்துச்சு, நாலையும் பிடிச்சான். தட்டி விடல அங்கிள், பிடிச்சான்! பன்னெண்டு வயசுல எவனுக்கு அந்தக் கை வரும்?

பூக்காரர்: விடியக்காலம் வேன்ல பூ வரும். பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருப்பான், அதனால டிரைவர் இறங்க மாட்டான். மேல நின்னுக்கிட்டே கட்டுகளத் தூக்கிப் போடுவான். கை தவறிக் கீழ விழுந்தா மொட்டு நசுங்கிடும், மதியத்துக்குள்ள கறுத்துடும். பள்ளிக்கூட லீவுல பேரன்தான் பிடிப்பான். எட்டு வயசுலேருந்து.

கோச்: எத்தனை கிலோ இருக்கும் ஒரு கட்டு? எழுதிக்கிறேன்.

பூக்காரர்: எதுக்கு?

கோச்: எங்க பயிற்சியில சேத்துக்கலாம்னுதான்.

பூக்காரர்: கிலோ எல்லாம் அப்பறம். வந்த விஷயத்தச் சொல்லுங்க.

கோச்: டிஎஸ்ஏ, அங்கிள். நேரடிப் பள்ளிச் சேர்க்கை. 2004லேருந்து இருக்கு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிவு வர்றதுக்கு முன்னாடியே, பையனோட திறமையப் பாத்து நாங்க இடம் குடுத்துடலாம். விண்ணப்பத்துக்கு ஒரு வெள்ளி கட்ட வேணாம். மூணு விருப்பம் போடலாம். எங்களுக்கு முதல் இடம் போட்டீங்கன்னா மிச்சத்த நான் பாத்துக்குவேன்.

பூக்காரர்: மார்க்கு?

கோச்: பள்ளியில இருக்குற பாடப் பிரிவுக்குத் தகுதி வந்தாப் போதும். மத்தவங்களோட புள்ளிக்குப் புள்ளி முட்டிக்க வேண்டியதில்ல.

பூக்காரர்: கட்டணம் இல்லைங்கிறீங்க. எதிர் புளோக்குல ஒரு அம்மா, நேர்காணல்ல எப்படிச் சிரிக்கணும்னு பழக்குறதுக்குத் தனி வகுப்பு அனுப்புறாங்களே. பையனோட படம், பதக்கம், சான்றிதழ் எல்லாம் போட்டு வழுவழுன்னு ஒரு ஆல்பம் வேற. கல்யாணத் தரகர் பையில ஜாதகம் இருக்குற மாதிரி அதத் தூக்கிக்கிட்டே அலையுறாங்க.

கோச்: அது வேற ஆளுங்க யாவாரம் அங்கிள். நான் ஆல்பத்த நம்புறவன் இல்ல. ஆட்டத்தப் பாப்பேன், குடும்பத்தப் பாப்பேன். ஒரு பையனுக்காக என்ன செஞ்சேன் தெரியுமா? அவங்க அப்பா தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தாரு. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும், கையில தண்ணி பாட்டிலோட நானும் கூடவே நடந்தேன். வெறுங்கால்ல.

பூக்காரர்: நல்லதுதான். முருகன் அருள் உங்களுக்கும் கிடைச்சிருக்கும்.

கோச்: நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவன் அங்கிள்.

பூக்காரர்: சரி. பையன் வந்தானா?

கோச்: வரல. வேறொரு பள்ளி கோச் அதே காவடியில பால்குடம் எடுத்திருக்காரு.

(ஒரு அம்மா வந்து கதம்பம் கேட்கிறார். பூக்காரர் அளந்து கொடுத்து, காசை வாங்கிப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்தில் நாரைப் பிடிக்கிறார். கோச் உதவுகிறேன் என்று நாலு மொட்டை எடுத்து முடிச்சுப் போடப் பார்க்கிறார். நாலும் உதிர்கின்றன.)

கோச்: இதெல்லாம் ஒண்ணுமே இல்ல அங்கிள். அமெரிக்காவுல பாக்கணும். 2016 ஜனவரியில மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்கக் காற்பந்து கோச், ஜிம் ஹார்பா, ஒரு பையன் வீட்டுல போய் ராத்திரி படுத்துத் தூங்கியிருக்காரு. பையன் பேரு க்வின் நார்டின். வேற பல்கலைக்கழகத்துக்கு வர்றேன்னு முன்னாடி வாக்குக் குடுத்தவன். கோச் தலகாணியோட வந்து இறங்குன பிறகு மிச்சிகன்லதான் கையெழுத்துப் போட்டான்.

பூக்காரர்: எந்த இடத்துல ஆடுறவன்?

கோச்: கிக்கர்.

பூக்காரர்: அவங்க ஆட்டத்துல காலால உதைக்கவே ரெண்டு பேருதான் இருப்பாங்க. அதுல ஒருத்தனுக்காகவா வீட்டுல படுத்தாரு? கையில தூக்கிக்கிட்டு ஓடுறவனுக்கு என்ன செய்வாங்க, குடியே வந்துடுவாங்களா?

கோச்: உங்களுக்கு அதெல்லாம் தெரியுமா அங்கிள்?

பூக்காரர்: ராத்திரி உக்காந்து தொடுக்கும்போது கைக்குத்தான வேலை, கண்ணு சும்மாத்தான் இருக்கு. பேரன் போன்ல வெச்சுக் குடுத்துட்டுப் போவான். அது கெடக்கட்டும். கல்கத்தாவுல இதுக்கெல்லாம் அப்பன் உண்டு. முந்தியெல்லாம் பதிவுக் காலம் வந்துட்டா காற்பந்து கிளப்புக்காரங்களே ஆட்டக்காரனைக் காருல ஏத்திக்கிட்டுப் போயி, எங்கயாவது ஒளிச்சு வெச்சுக்குவாங்க. கையெழுத்து விழுற வரைக்கும் வெளியுலகம் கெடையாது. மோகன் பகான்ல இருந்த கிருஷானு டே, பிகாஷ் பாஞ்சி ஜோடி 1985ல ஈஸ்ட் பெங்காலுக்குப் போனத அந்த ஊர்க்காரங்க இன்னிக்கும் கதையாச் சொல்லுவாங்க.

கோச்: ஒளிச்சு வெப்பாங்களா. (யோசித்து) பேரன் இப்ப எங்க இருக்கான் அங்கிள்?

பூக்காரர்: துணைப்பாட வகுப்புல. அங்க வாசல்ல பெரிய பூட்டு உண்டு.

கோச்: அட, விளையாட்டுக்குக் கேட்டேன். ஆனா ஒண்ணு அங்கிள், ஆள் பிடிக்கிறதுல தப்பே இல்ல. நம்ம நாடே செஞ்சதுதான. 1993ல வெளிநாட்டு விளையாட்டுத் திறனாளர் திட்டம் வந்துச்சு. 1960ல ரோம்ல டான் ஹோவ் லியாங் பளுதூக்கி வெள்ளி வாங்குனதுக்கு அப்பறம் 48 வருஷம் ஒலிம்பிக்ல ஒண்ணுமில்ல. 2008 பெய்ஜிங்ல மேசைப்பந்து பொண்ணுங்க, லி ஜியாவெய், ஃபெங் தியன்வெய், வாங் யூகு, வெள்ளி வாங்கிக் குடுத்தாங்க. மூணு பேருமே சீனாவுல பொறந்தவங்க.

பூக்காரர்: வாங்குனாங்க, சந்தோஷம். காற்பந்துல என்னாச்சு? 2010 உலகக் கிண்ணத்துல ஆடுவோம்னு 1998ல அறிவிச்சாங்க. 2010 வந்துச்சு. தென்னாப்பிரிக்காவுல ஸ்பெயின் கிண்ணம் தூக்குச்சு. நம்ம ஆளுங்க எல்லாரும் என் பக்கத்துல காப்பிக்கடையில உக்காந்து பாத்தாங்க.

கோச்: ஜூரிச்சை மறந்துட்டீங்களே! அலெக்சாண்டர் ஜூரிச். போஸ்னியாக்காரரு. 2007ல நம்ம குடியுரிமை, அந்த நவம்பர்லயே தஜிகிஸ்தானுக்கு எதிரா முதல் ஆட்டம், ரெண்டு கோல்.

பூக்காரர்: மறக்கல. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்குப் படகு வலிக்கப் போனவரு அவரு. நம்ம சட்டையப் போட்டப்ப வயசு என்ன?

கோச்: முப்பத்தேழு.

பூக்காரர்: அப்ப என் பேரனுக்கு இன்னும் 25 வருஷம் இருக்கு. இன்னிக்கே ஏன் ஆறு முழம் வாங்குறீங்க?

(கோச் சிரிக்கிறார். இந்தச் சிரிப்பைப் பெற்றோர் சந்திப்புகளில் பழகியிருக்க வேண்டும். பற்கள் தெரிகின்றன, கண் மட்டும் விண்ணப்பத் தேதியிலேயே இருக்கிறது.)

பூக்காரர்: சரி, ஒரு சந்தேகம். உங்க பள்ளி இடம் குடுத்து, நாங்களும் ஒத்துக்கிட்டோம்னு வைங்க. நவம்பர்ல முடிவு வருது. பையன் பிரமாதமா மார்க் வாங்கிட்டான். வீட்டுப் பக்கத்துலயே நல்ல பள்ளி கிடைக்கும்போல இருக்கு. மாறலாமா?

கோச்: முடியாது அங்கிள். டிஎஸ்ஏ உறுதியாயிட்டா மத்தவங்க மாதிரி பள்ளி தேர்ந்தெடுக்க முடியாது. முடிவு வந்த பிறகு வேற பள்ளிக்கு மாத்தவும் மாட்டாங்க. ஒத்துக்கிட்ட பள்ளியில ஒத்துக்கிட்ட காலம் முழுக்க இருக்கணும். வாக்குன்னா வாக்குதான?

பூக்காரர்: நியாயம்தான். கால்ல அடிபட்டு ஆட முடியாமப் போனா? இல்ல, உங்க முதல் கோல்கீப்பர் நல்லா ஆடுறான்னு இவனை நாலு வருஷமும் பெஞ்சுலயே உக்கார வெச்சா?

கோச்: குழு உணர்வுன்னு ஒண்ணு இருக்குல்ல அங்கிள்.

பூக்காரர்: பெஞ்சுக்கும் உணர்வு இருக்குங்கிறீங்க. நீங்க சொன்ன அமெரிக்காவுலயும் முந்தி இதே கததான். பையன் வேற பல்கலைக்கழகம் போனா ஒரு வருஷம் ஆடாமச் சும்மா உக்காரணும். கோச்சுக்கு அப்படி ஒண்ணும் கெடையாது. 2021 நவம்பர்ல பிரையன் கெல்லின்னு ஒருத்தரு, நாத்ர்டேம் அணிக்கு இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி இருக்குறப்பவே லூசியானா ஸ்டேட்டுக்குப் போயிட்டாரு. பத்து வருஷத்துக்கு 95 மில்லியன் டாலர். அவரை நம்பி வந்த பசங்க அங்கயே நின்னாங்க.

கோச்: அவரை 2025ல வேலையவிட்டு எடுத்துட்டாங்களே அங்கிள்.

பூக்காரர்: எடுத்தாங்க, அதுக்கும் காசு பேசித்தான் எடுத்தாங்க. இப்பப் பசங்களும் முழிச்சுக்கிட்டாங்க. 2018ல மாறுறதுக்குன்னே ஒரு பதிவுத் தளம் வந்துச்சு. 2021ல ஒரு தடவ மாறினா உக்கார வேணாம்னாங்க, 2024ல எத்தனை தடவ வேணும்னாலும்னு ஆச்சு. பேரு, படம் வெச்சு சம்பாதிக்கவும் 2021லேயே விட்டாங்க. இப்ப பல்கலைக்கழகமே நேராக் குடுக்கலாம், முதல் வருஷத்துக்கு 20.5 மில்லியன் டாலர் வரைக்கும். கோச்சுங்க எல்லாம் விசுவாசம் போச்சே, விசுவாசம் போச்சேன்னு அழுறாங்க. அவங்க அழுறதப் பாக்கத்தான் நான் ராத்திரி முழிச்சிருக்கேன்.

கோச்: அது காசு ஆட்டம் அங்கிள். இது பள்ளிக்கூடம். இங்க பிள்ளைங்களோட பண்பு வளரணும்.

பூக்காரர்: வளரட்டும். திங்கள், புதன், வெள்ளி பயிற்சின்னு அந்த ரோஜா மாலை சார் சொன்னாரு. உங்களுக்கு?

கோச்: அதேதான். வேணும்னா வெள்ளிக்கிழமைய விட்டுக் குடுக்குறேன். கடைக்கு ஆள் வேணும்ல. நானே கூட வந்து கட்டு பிடிக்கிறேன்.

பூக்காரர்: நாலு மொட்டுக்கே இந்தக் கதி. இன்னும் ஒண்ணு. நீங்க பள்ளிக்கூடத்து ஆசிரியரா?

கோச்: இல்ல அங்கிள். வெளியாள். பள்ளி என்னை ஒப்பந்தத்துல எடுத்திருக்கு.

பூக்காரர்: என்னவொரு பாசம், ஒப்பந்தக்காரருக்கே! எத்தனை வருஷ ஒப்பந்தம்?

கோச்: அது... வருஷா வருஷம் பாப்பாங்க.

பூக்காரர்: எப்ப முடியுது?

கோச்: டிசம்பர்ல.

பூக்காரர்: எந்த டிசம்பர்?

கோச்: வர்ற டிசம்பர்.

பூக்காரர்: அவன் சேரப்போறது ஜனவரி.

(கோச் மல்லியை மோந்து பார்க்கிறார். வாங்கியதிலிருந்து இதுதான் முதல் தடவை.)

கோச்: புதுப்பிச்சுடுவாங்க அங்கிள். ஜீபிஸ்னு அரசாங்கக் கொள்முதல் தளம் இருக்கு, அதுல பள்ளி கேக்கும், நாங்க விலை போடணும். போன தடவ நான்தான் ஜெயிச்சேன்.

பூக்காரர்: இந்தத் தடவ வேற ஒருத்தரு மணிக்கு அஞ்சு வெள்ளி குறைச்சுப் போட்டா?

கோச்: வாய்ப்பு கம்மி.

பூக்காரர்: போட்டா?

கோச்: போட்டா நான் வேற பள்ளிக்குப் போயிடுவேன். எனக்குத் தடை ஒண்ணும் இல்லியே.

பூக்காரர்: உங்களுக்காக வந்த என் பேரன்?

கோச்: அவன் மாற முடியாது. விதி அங்கிள், நான் போட்டதில்ல.

(மேலே தேக்கா ஈரச் சந்தையின் புறாக்கள் ஒரு சுற்றுச் சுற்றி உட்காருகின்றன. இரண்டு பேரும் அவற்றைப் பார்க்கிறார்கள், வேறெங்கே பார்ப்பதென்று தெரியாமல்.)

பூக்காரர்: ஆறு முழத்துக்குப் பணம் குடுத்துட்டுக் கிளம்புங்க கோச்.

கோச்: இருங்க அங்கிள், இருங்க. அதுக்குத்தான மூணு விருப்பம் வெச்சிருக்காங்க! முதல்ல எங்க பள்ளியப் போடுங்க. ரெண்டாவதா நான் ஒரு பள்ளி சொல்றேன், அங்கயும் விலை போடலாம்னு இருக்கேன். எது கிடைச்சாலும் நானும் இவனும் ஒரே இடம்.

பூக்காரர்: மூணாவது?

கோச்: அத மட்டும் கடைசி நாள் வரைக்கும் காலியா விட்டு வைங்க. இன்னொரு இடத்துல பேசிக்கிட்டிருக்கேன்.