நிலவறைக் கந்த விசாரம்

பிருதிவியாகிய மண்ணின் விசேஷ குணம் கந்தம் என்னும் வாசனையே என்று வைசேஷிக சாஸ்திரத்தை வகுத்த கணாதர் சொன்னபோது, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், வெர்மாண்ட், மாசசூசெட்ஸ் முதலிய மாகாணங்களில், கருங்கல் அடுக்கிய சுவரின்மேல் பலகை வீடு கட்டி, அதன் அடியில் தளம் போடாத மண்தரையோடு ஒரு நிலவறையை விட்டுவைத்து, குளிர்காலத்துக்கு உருளைக்கிழங்கும் ஆப்பிளும் சேமித்து வாழப்போகும் ஒரு ஜனசமூகத்தை அவர் மனத்தில் வைத்திருந்தார் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. ஆயினும் அவருடைய சூத்திரத்துக்கு அந்நிலவறையின் மண்வாடையைவிடச் சிறந்த உதாரணம் எளிதில் அகப்படாது.

இதற்கு நவீனர்கள் ஓர் ஆட்சேபம் சொல்வார்கள். நாறுவது மண்ணன்று, மண்ணில் வசிக்கும் ஜீவராசிகளே என்பது அவர்கள் கட்சி. 1965-இல் நியூஜெர்சியின் ரட்கர்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த கெர்பர், லெஷவாலியே என்னும் இருவர், ஸ்ட்ரெப்டோமைசிஸ் முதலிய நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற வஸ்துவைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித நாசி அதைக் கண்டுகொள்ளும். அந்த இனத்து நுண்ணுயிர் ஒன்றிலிருந்துதான் அதே சர்வகலாசாலையில் 1943-இல் க்ஷயரோகத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது என்பதையும், கன்னோஜ் நகரத்து அத்தர் வியாபாரிகள் சுட்ட மண்ணை வடித்து அவ்வாசனையைச் சந்தன எண்ணெயில் இறக்கி விற்கிறார்கள் என்பதையும் எண்ணும்போது, நிலவறைக்காரர் மூக்கைப் பொத்திக்கொள்வது சற்று நன்றிகெட்ட செயலாகவே நமக்குத் தோன்றுகிறது. எனினும் அங்கே பூஞ்சைக்காளானும் பங்காளியாக வந்து சேர்வதால் மணம் நாற்றமாகிவிடுகிறது என்பதை நடுநிலைமை உடையோர் ஒப்புக்கொள்ளவேண்டும்.

கீழே பிறந்த வாடை வரவேற்பறை வரை ஏறும் மார்க்கம் எளிது. குளிர்காலத்தில் வீட்டின் சூடான காற்று இலேசாகி மச்சின் இடுக்குகளால் வெளியேற, அந்த ஸ்தானத்தை நிரப்ப நிலவறைக் காற்று தரைப்பலகைச் சந்துகளால் மேலே இழுக்கப்படுகிறது. ஆகவே மாடியில் வசிப்பவர் உட்கொள்ளும் சுவாசத்தில் ஒரு பகுதி பாதாளத்தினுடையது.

பரிகாரத்தில்தான் மதபேதம். நிலவறைச் சாளரத்தைத் திறக்கவேண்டும் என்போருக்கும் மூடவேண்டும் என்போருக்கும் நடக்கும் வாதத்தைக் கேட்டால், கோயில் யானைக்கு நாமம் இடுவதில் வடகலையாரும் தென்கலையாரும் காட்டிய பொறுமை எவ்வளவோ மேல் என்று தோன்றும். திறப்போர் பக்கம் சட்டமே நின்றது: தவழ்ந்து நுழையவேண்டிய தாழ்ந்த அடியறைகளுக்கு, தரை 150 சதுர அடிக்கு ஒரு சதுர அடி காற்றுவழி என்பது அந்நாட்டில் நெடுங்காலம் பொதுவாக வழங்கிய கட்டட விதி. ஆனால் ஜூலை மாதத்தில் 30 டிகிரி வெப்பமும் 70 சதவிகித ஈரமும் உள்ள காற்று, சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் நீராகப் படியும். நிலவறைக் கல்லோ அதைவிடக் குளிர்ந்தது. உலர்த்துவதற்காகச் சாளரத்தைத் திறப்பவர் உண்மையில் கல்லுக்கு அபிஷேகம் செய்கிறார். ஆதலால் கோடையில் மூடுவோர் கட்சியே நம் கட்சி.

வாசனை மெழுகுவத்தி ஏற்றுவோரைப் பற்றி விரித்து எழுத நமக்குப் பிரியமில்லை. அவர்கள் காரணத்தை விட்டுக் காரியத்தோடு சண்டை பிடிப்பவர்கள். காரணம் ஈரம். கூரைநீரை அஸ்திவாரத்துக்குத் தூரமாக விட்டு, வெளிமண்ணைச் சரிவாக்கி, உள்ளே தரை முழுவதும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்காவது தடிப்புள்ள பிளாஸ்டிக் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று ஓரடி படியும்படி விரித்துச் சுவரோடு ஒட்டி, ஈரம் உறிஞ்சும் யந்திரத்தால் காற்றின் ஈரத்தை 60 சதவிகிதத்துக்குள் நிறுத்தினால் வாடை தணியும்.

கணாதருக்கு மெய்யான சங்கடம் இனிமேல்தான். அதே மண்ணிலிருந்து, அதே சந்துகளின் வழியாக, யுரேனியத்தின் வம்சத்தில் வந்த ரேடான் என்னும் வாயுவும் ஏறுகிறது. பிருதிவியில் பிறந்தும் அதற்குக் கந்தம் கிடையாது. 1984-இல் பென்சில்வேனியாவில் அணுமின் நிலைய இஞ்சினீயர் ஒருவர் வேலைக்கு நுழையும்போதே கதிரியக்க எச்சரிக்கை மணி அடிக்க, ஆராய்ந்ததில் அவர் அதைத் தம் வீட்டிலிருந்தே கொண்டுவந்தது தெரிந்தது. இதற்காகப் பிளாஸ்டிக் தாளின் அடியில் குழாய் இறக்கி, விசிறியால் உறிஞ்சிக் கூரைக்கு மேல் விடுகிறார்கள். அக்குழாய் மண்வாடையிலும் ஒரு பங்கைச் சேர்த்துக் கொண்டுபோகிறது. கூரைக்கு மேல் சென்ற பின் அந்தக் கந்தம் பிருதிவியின் குணமா, வாயுவின் குணமா என்பது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.