கிழக்கே யார்?

ஜவ்வாது மலையில் எங்கள் நெல்லிவாசல்நாட்டில் அப்போது நிலத்தை அளந்தது சாமை. நாலு படி சாமை விதைக்கிற காடு என்றால் எவ்வளவு என்று ஊருக்கே தெரியும். ஏக்கர், சென்ட் எல்லாம் திருப்பத்தூர் போய்வந்தவர்கள் பேச்சு. எங்கள் காட்டுக்குக் கிழக்கே பெரியப்பா, மேற்கே ஓடை, தெற்கே பாறை, வடக்கே வனம். பெரியப்பா வருஷத்துக்கு ஒரு சால் உள்ளே தள்ளி உழுவார். அடுத்த வருஷம் அப்பா அதைத் திருப்பி உழுவார். மிஞ்சிப்போனால் ஊர்க்கவுண்டர் வந்து நடுவில் நின்று கத்துவார்.

பிறகு சர்வே வந்தது. சங்கிலியும் கல்லும் வந்தன. சரிவில் சங்கிலியைத் தரையோடு போடாமல் மட்டமாகத் தூக்கிப் பிடித்ததைப் பார்த்து அப்பாவுக்கு ஆத்திரம். "மலையை அமுக்கித் தட்டையாக்கி அளக்குறானுங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். பட்டாவில் ஏறும் பரப்பு கிடைமட்டப் பரப்பு. முப்பது பாகைச் சரிவில் நூறு அடி உழுதால் காகிதத்தில் ஏறுவது சுமார் 87 அடி. மீதி 13 அடி மாட்டின் காலுக்கு மட்டும் தெரியும்.

சட்டம் இன்னும் சுவாரஸ்யம். 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி, அளவை முடிந்ததாக மாவட்ட கெஜட்டில் அறிவிப்பு வந்துவிட்டால் அதில் கண்ட எல்லையே முடிவானது. ஆட்சேபம் உள்ளவர் மூன்று வருஷத்துக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். எங்கள் மலையில் கெஜட் வாங்கிப் படித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. கல்லை நகர்த்தினால் ஓராண்டு வரை சிறை என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 434ஆம் பிரிவு சொன்னது. அதுவும் தமுக்கடித்துச் சொல்லப்படவில்லை.

இதே ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் 1988இல் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து, 4130 என்று எண் கொடுத்து, ராமானுஜன் என்று பெயரும் வைத்தாயிற்று. அப்பா பட்டாவில் பெயர் திருத்த மனு கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் காடு இருந்த இடத்திலேயே இருந்தது. மாவட்டம்தான் நகர்ந்தபடி இருந்தது. வடாற்காடு, வடாற்காடு அம்பேத்கர், வேலூர், 2019 முதல் திருப்பத்தூர்.

இப்போது செயற்கைக்கோள் அளக்கிறது. பட்டாவை எங்கிருந்தும் எந்நேரமும் பார்க்கலாம் என்கிறது அரசு இணையதளம். சிக்னல் கிடைக்க அந்தத் தெற்குப் பாறைமேல் ஏற வேண்டும், அவ்வளவுதான். இத்தனைக்கும் பிறகு பத்திரத்தில் கண்ட பரப்பும் நான்கெல்லையும் ஒத்துப்போகாவிட்டால், தெளிவாகச் சொன்ன எல்லைக்கே கோர்ட்டுகள் பெரும்பாலும் முதல் மரியாதை தருகின்றன. வக்கீல் கேட்கிற முதல் கேள்வி: "கிழக்கே யாருங்க?"

2006இல் வன உரிமைச் சட்டம் வந்ததும் வேடிக்கை இன்னும் முற்றியது. வடக்கே வனத்துக்குள் நாங்கள் காலங்காலமாக உழுத துண்டுக்கு மனுப் போட்டோம். அதன் விதிகளில் சாட்சியப் பட்டியல் ஒன்று உண்டு. அரசு ஆவணங்களோடு சுடுகாடு, சாமி கும்பிடும் இடம், மனுதாரர் அல்லாத பெரியவர்கள் சொல்லி எழுதிக்கொண்ட வாக்குமூலம் எல்லாம் அதில் சேர்த்தி. சாட்டிலைட்டை வைத்திருக்கும் அரசாங்கம் கிழவர்களைத் தேடி வந்தது. அந்தப் பக்கம் காடே இல்லாததால் மனுப் போடாத ஒரே கிழவர் எங்கள் பெரியப்பாதான்.

அவரைத் திண்ணையில் உட்கார வைத்து, வன உரிமைக் குழுவில் எழுதத் தெரிந்த பையன் கேட்டான். எங்கள் அப்பா எந்த வருஷம் எதை விதைத்தார், மாடு எந்த வழியாக ஏறும் என்பதுவரை பெரியப்பா ஒரு பிசகில்லாமல் சொன்னார். இத்தனை நேர்மையை அவரிடம் நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

"பட்டா முடியிற மூலையில ஒரு சர்வே கல்லு இருக்கணுமே தாத்தா?"

"இருக்குப்பா, எங்க போயிடும்? எங்க கொட்டாயில நட்டு மாடு கட்டியிருக்கேன். அதை மட்டும் எழுதாத."