கிருமிக்கு ஒரு வெள்ளித் தகடு

எங்கள் ஊரில் விஷ ஜந்துக்களுக்கெல்லாம் தகடு உண்டு. சங்கரன்கோவில் கோயில் வாசல் கடைகளில் பாம்பு, தேள் என்று வெள்ளித் தகட்டில் அடித்து வைத்திருப்பார்கள். வாங்கி உண்டியலில் போட்டால் அது வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காது. மீறிக் கடித்தாலும் புற்றுமண் இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் கடிக்கிற ஜந்துவுக்குத்தான் இன்னும் யாரும் தகடு அடிக்கவில்லை. சுகாதாரத் துறை ஓர் அச்சு மட்டும் செய்து கொடுத்துவிட்டால் சோப்பு, கையுறை, ஆட்டோகிளேவ் செலவெல்லாம் மிச்சம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் வரும். "தையல் போட்டா காய்ச்சல் வரத்தான்மா செய்யும்." மூச்சு வாங்கும். "பயப்படுறாங்க, பேசாம இருக்கச் சொல்லுங்க." சிறுநீர் குறையும், பேச்சு குழறும். பயந்த கோளாறோ என்று பெரியவர்கள் திருநீறு பூசுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; அந்த வார்டில் நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது அவர்கள் மட்டும்தான். கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய உடம்பு தன் சிறுநீரகத்தையும் நுரையீரலையுமே அடித்து நொறுக்கிக்கொண்டிருக்கும் நேரம் அது; செப்சிஸ் என்று பெயர். ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. அப்போதுதான் யாருக்கோ ஞானம் பிறந்து, "ஐகிரவுண்டுக்குக் கொண்டு போயிருங்க" என்று திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதுவார்கள்.

சத்தீஸ்கரில் இதையே மொத்த வியாபாரமாகச் செய்து காட்டினார்கள். 2014 நவம்பர் 8, பிலாஸ்பூர் அருகே பெண்டாரி கிராமம். பூட்டிக் கிடந்த ஒரு ஆஸ்பத்திரியைத் திறந்து குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் நடத்தினார்கள். ஒரு டாக்டர், ஒரு லேப்ராஸ்கோப், 83 பெண்கள், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஆளுக்கு நான்கு நிமிடம்கூடத் தேறாது. ஒரு கருவியால் ஒரு நாளில் பத்துப் பேருக்கு மேல் செய்யக் கூடாது என்று அரசாங்கமே விதி வைத்திருந்தது. எங்கள் ஊர்ப் பிரியாணிக் கடையில் கூட்டம் எப்படி முட்டினாலும் எச்சில் இலையை எடுத்துவிட்டுத்தான் அடுத்த ஆளை உட்காரவைப்பார்கள். அரிசிக்கு இருக்கிற ஆசாரம் அடிவயிற்றுக்கு இல்லை.

அந்த டாக்டரைக் குறைத்து எடைபோட்டுவிடாதீர்கள். 50,000 ஆபரேஷன் செய்தவர் என்று அதே ஆண்டு ஜனவரியில்தான் மாநில அரசு அவருக்கு விருது கொடுத்திருந்தது. வேகத்துக்கு மாலை போட்டவர்களுக்குப் பிணம் விழுந்ததும் ஆச்சரியம். பதிமூன்று பெண்கள் செத்தார்கள், பலர் கைக்குழந்தைக்காரிகள்.

உடனே குற்றவாளி அகப்பட்டுவிட்டது: எலி. அதாவது, அந்தப் பெண்களுக்குக் கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையில் எலி மருந்து கலந்திருக்கிறது என்றார்கள். நல்ல ஏற்பாடு. மாத்திரை மேல் பழி விழுந்தால் கருவி தப்பிக்கும், கருவியைப் பிடித்த கை தப்பிக்கும், அந்தக் கைக்கு இலக்கு எழுதிக் கொடுத்த பேனாவும் தப்பிக்கும். பிரேதப் பரிசோதனை அறிக்கைகளோ நாகரிகம் தெரியாமல் செப்டிசீமியா, அதாவது ரத்தத்தில் நஞ்சேறியது பற்றிப் பேசின.

இதற்கு முன்பே, 2012 ஜனவரியில், பீகாரின் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு ஆபரேஷன் செய்திருந்தார்கள். அது பற்றித் தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில், மூன்று வருடத்துக்குள் இத்தகைய முகாம்களுக்கு முடிவுகட்டச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பர் 14இல் தீர்ப்பளித்தது. கத்தியை நிறுத்த மூன்று வருடம்; வயிற்றுக்கு நான்கு நிமிடம்.

கையைக் கழுவச் சொல்வது அவ்வளவு பெரிய அவமானம் போலிருக்கிறது. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்க்காதீர்கள், குளோரின் நீரில் கழுவுங்கள் என்றார். கழுவினார்கள், சாவு குறைந்தது. பெரிய டாக்டர்களுக்கோ ரோஷம் வந்துவிட்டது. கடைசியில் மனநலக் காப்பகத்தில் அடைபட்டு, புண் சீழ்வைத்து, ரத்தத்தில் நஞ்சேறித்தான் 1865இல் அவரும் செத்தார்.

2017இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் பேர் செப்சிஸால் இறந்ததாகக் கணக்கு. நம் வீட்டுக்கு வருகிற இறப்புச் சான்றுக் காகிதத்தில் அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள். "இருதயமும் சுவாசமும் நின்றதால் மரணம்." காந்தியின் சாவுக்கும் இதையே எழுதலாம், துப்பாக்கியைப் பற்றி யாரும் பேச வேண்டியிருக்காது.

போன வாரம் கோயில் வாசல் கடையில் கிருமித் தகடு கேட்டேன். கிருமி எப்படி இருக்கும் என்றார் கடைக்காரர். கண்ணுக்குத் தெரியாது என்றேன். "அதை எப்படி அண்ணாச்சி தகட்டுல அடிக்க?"

"அப்போ கை இருக்கா?"

"இருக்கே." இரண்டு வெள்ளிக் கைகளை எடுத்து வைத்தார். "யாருக்குக் கையில கோளாறு?"