கடல் இல்லாத சீமையிலிருந்து கொழும்புக்கு

நாமக்கல்லிலிருந்து இலங்கைக்கு வரும் பயணத்தில் பெரும்பாடு தரையில்தான். கடல் நாலு மணி நேரம், வானம் ஒரு மணி நேரம். அந்தக் கடலுக்கும் வானத்துக்கும் போய்ச் சேருவதற்குள் பாதி நாள் தீர்ந்துவிடும். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் கடற்கரை கிடையாது. ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் விமான நிலையம் உண்டு. ஆனால் அங்கிருந்து கிளம்பும் சின்ன விமானங்கள் தேச எல்லையைத் தாண்டுவதில்லை. ஆகவே இந்தச் சீமையில் வெளிநாட்டுப் பயணம் என்பது நாமக்கல் பஸ் ஸ்டாண்டில், தொட்டியம் முசிறி வழியாகப் போகும் திருச்சி பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதில் தொடங்குகிறது. கப்பலா, விமானமா என்று அப்புச்சி கேட்டு எழுதியிருப்பதால், இரண்டையும் வரிசையாகச் சொல்வதே இக்கடிதத்தின் வேலை.

பழைய வழியை முதலில் சொல்லிவிடலாம். இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களில் திருச்சி, மதுரை, தஞ்சாவூரோடு சேலமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படிப் போனவர்களுக்குத் தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர டிக்கெட் கொடுத்தார்கள். இன்றைய போர்டிங் பாஸுக்கு அதுதான் பாட்டன். தொலைந்தால் இன்னொன்று அச்சடித்துத் தரத்தான் ஆளில்லை. மண்டபம் என்ற ஊரில் இலங்கை அரசு நடத்திய முகாமில் நோய்த் தடுப்புக்காக நாள்கணக்கில் நிறுத்திவைத்து, அம்மை குத்திய பிறகே கப்பலேற்றினார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் ரயில் தனுஷ்கோடிவரை போனது; அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட் கொழும்புவரை செல்லும். போட் மெயில் என்று பெயர். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோனது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் இலங்கை உள்நாட்டுப் போரோடு நின்றது. அதே மண்டபம் முகாமில் பிறகு இலங்கையிலிருந்து வந்த அகதிகள் தங்கினார்கள்.

இப்போதைய கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு. சுமார் 60 கடல் மைல். 2023 அக்டோபர் 14 அன்று 'செரியபாணி' என்ற கப்பலோடு விழா எடுத்துத் தொடங்கினார்கள். சில நாளிலேயே மழைக்காலம் வந்து கட்டிப்போட்டுவிட்டது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. சிவகங்கைக்கும் கடல் கிடையாது. அதனால் நம்மூர்க்காரர் கூச்சமில்லாமல் ஏறலாம். வடகிழக்குப் பருவமழையில் இந்தச் சேவையை நம்பித் தேதி குறிக்கக் கூடாது. கப்பல் என்றதும் மேல்தளத்தில் கட்டில் போட்டுப் படுக்கலாம் என்று எதிர்பார்க்கவும் கூடாது. பஸ்ஸைப் போலவே சீட்டில் உட்கார்ந்து வருவதுதான். நடுவில் முசிறி மாதிரி இறங்கி டீ குடிக்க ஊர் எதுவும் வராது.

விமானத்துக்குத் திருச்சி போதும். அங்கிருந்து கொழும்புக்கு நீண்ட காலமாக விமானம் உண்டு. 2025-இல் யாழ்ப்பாணத்துக்கும் தொடங்கியது. சீட் பெல்ட் போட்டு, கொடுத்ததைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். நாமக்கல்லிலிருந்து திருச்சிக்கு ஆகும் நேரத்தில் பாதிகூட ஆகாது. கடிகாரத்தைத் திருப்பும் வேலையும் இல்லை. 1996-இல் இலங்கை தன் நேரத்தை மாற்றி வைத்துக்கொண்டு, 2006-இல் மறுபடி இந்திய நேரத்துக்கே வந்துவிட்டது.

பாஸ்போர்ட் கட்டாயம்; பயண அனுமதியை இணையத்தில் முன்கூட்டி வாங்கிவிடுவது நல்லது. ரேஷன் கார்டு தேவையில்லை. கொண்டுவந்தால் யாரும் தடுக்கவும் மாட்டார்கள். மூட்டைதான் சிக்கல். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய தட்டுவடையும் ஜவ்வரிசி வத்தலும் எடைக்குள் இருந்தால் வந்துவிடும். நல்லெண்ணெய்ப் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் திருச்சியிலேயே விட்டுவிட்டு வர நேரிடும். நூறு மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் கைப்பையில் ஆகாது. மல்கோவாவும் வேண்டாம், பழத்துக்குத் தாவரத் தடுப்புக் காப்பு அனுமதி கேட்பார்கள். முட்டையை நினைக்கவே வேண்டாம். நாமக்கல் முட்டை மாலத்தீவு என்ற இன்னொரு தீவு நாட்டுக்குக் குளிரூட்டிய கண்டெய்னரில், கால்நடை மருத்துவர் சான்றிதழோடு பயணம் போகிறது. 2023-இல் தட்டுப்பாடு வந்தபோது இலங்கையும் இந்திய முட்டையைக் கப்பலில்தான் இறக்கியது. மஞ்சப்பையில் வரும் முட்டைக்கு அந்த மரியாதை கிடைக்காது.

இறங்கியதும் பணம் மாற்ற வேண்டும். ஆயிரம் இந்திய ரூபாய்க்கு மூவாயிரத்துக்கு மேல் இலங்கை ரூபாய் கையில் வரும். டீக்கடையில் விலை கேட்கும்வரை அந்தப் பூரிப்பு நிற்கும். கட்டுநாயக்காவில் இறங்கியவருக்குக் கொழும்பு முப்பது கிலோமீட்டர் சொச்சம். காங்கேசன்துறையில் கப்பலை விட்டு இறங்கியவருக்கோ கொழும்பு ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர். மறுபடியும் தரைதான், ஒரு பகல் முழுக்க ரயில். முட்டிவலிக்காரர் வரும்போது விமானத்தில் வருவதே தோது. கப்பலாசை தீரவில்லை என்றால், யாழ்ப்பாணத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஏறிக்கொள்ளலாம், ஐப்பசி பிறப்பதற்குள்.